கோபத்தைப் பற்றிக் கேட்கும்போது: கேள்வித்தாளில் பதில் சாய்வைக் கையாள்வது எப்படி

ஒருவர் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளைக் கையில் எடுங்கள். "எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும்" என்ற வரிக்கு எதிரே நான்கு கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். அப்புறம் அதை ரப்பரால் அழித்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் போட்டிருக்கிறார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அழித்த தடம் நன்றாகவே தெரிகிறது. கணினியில் ஏற்றும்போது இதெல்லாம் போய்விடும். 2 என்ற ஓர் எண் மட்டும் மிஞ்சும்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்த அந்த ஒரு கட்ட நகர்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உளவியல் படிப்பில் முதல் ஆய்வேடு செய்கிறவர்கள், மருத்துவமனையிலோ ஆலோசனை மையத்திலோ முதல் முறையாகக் கோப அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பதில் சாய்வு என்றால் என்ன? கேட்ட விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு காரணத்தால் பதில்கள் ஒரே பக்கமாகச் சாய்வது. தராசு காற்றில் ஆடுவது ஒரு சிக்கல். பத்து முறை எடை போட்டுச் சராசரி பார்த்தால் அது சரியாகிவிடும். தராசின் ஒரு தட்டுக்கு அடியில் யாரோ கல்லை ஒட்டியிருந்தால்? ஆயிரம் முறை போட்டாலும் அதே தவறான எடைதான். சாய்வு இந்த இரண்டாவது ரகம். "இன்னும் நூறு பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று நினைத்துவிடாதீர்கள்.

கோபத்தில் இந்தச் சிக்கல் கூடுதல். தூக்கம் எப்படி இருக்கிறது, பசி எடுக்கிறதா என்று கேட்டால் மனிதர்கள் சும்மா சொல்லிவிடுவார்கள். "கோபம் வருமா?" என்ற கேள்வி "நீ நல்லவனா?" என்று காதில் விழுகிறது. பதில் சொல்வதற்கு முன்பே ஒருவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்.

படி 1: இந்தத் தாளை யார் படிக்கப்போகிறார்கள்?

அளவுகோலைத் தேடுவதற்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதுங்கள். கோபம் அதிகம் என்று காட்டினால் இவருக்கு என்ன நஷ்டம்? கோபம் அதிகம் என்று காட்டினால் இவருக்கு என்ன லாபம்?

சிறையில் பரோலுக்குக் காத்திருப்பவர், குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் நிற்கும் பெற்றோர், வேலைக்கு மனநலச் சோதனை எழுதுகிறவர், இவர்களுக்கெல்லாம் நஷ்டம் பெரியது. குறைத்துத்தான் சொல்வார்கள். விபத்துக்கு நஷ்டஈடு கேட்பவரோ "அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் நானாகவே இல்லை" என்று கூட்டிச் சொல்ல இடமுண்டு. சிகிச்சை தொடங்கும்போது உதவி வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி, முடிகிறபோது மருத்துவரின் மனம் கோணக்கூடாது என்று கொஞ்சம் இறக்கிச் சொல்பவர்களும் உண்டு. அப்போது சிகிச்சை வேலை செய்யாவிட்டாலும் செய்த மாதிரித் தெரியும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2009இல் ட்ராய் மெக்இவனும் அவருடைய சகாக்களும், சட்டச் சிக்கலில் இருந்து மதிப்பீட்டுக்கு வந்தவர்களிடம் கோப அளவுகோலையும் நல்லபேர் அளவுகோலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தன்னை நல்லவராகக் காட்டும் நாட்டம் அதிகமாக இருந்தவர்களின் கோப மதிப்பெண் குறைவாகவே இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வரும் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து "கோபம் இல்லை" என்று எழுதுவது ஆபத்து. அதை நம்பி இன்னொருவருடைய பாதுகாப்பு முடிவாகலாம்.

படி 2: சாய்வின் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வகை நல்லபேர் சாய்வு. இதற்குள்ளேயே இரண்டு உண்டு என்று டெல்ராய் பால்ஹஸ் 1984இல் பிரித்துக் காட்டினார். ஒன்று, எதிரே இருப்பவரிடம் நல்ல அபிப்பிராயம் உண்டாக்கத் தெரிந்தே குறைத்துச் சொல்வது. இன்னொன்று, "எனக்குக் கோபமே வராது" என்று தானே மனதார நம்புவது. பெயர் எழுதிக் கொடுக்கும் சூழலில் முதலாவது கூடும், பெயரில்லாமல் கொடுத்தால் இறங்கும். இரண்டாவது அவ்வளவாக அசையாது. இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் நிறைய முடிவுகள் இதில்தான் நிற்கின்றன.

இரண்டாவது வகை ஆமாம் போடுவது. என்ன சொன்னாலும் "ஆமாம், பொருந்தும்". மூன்றாவது, சிலர் எப்போதும் விளிம்புக்கே போவார்கள், சிலர் எப்போதும் நடுவிலேயே நிற்பார்கள். இவை பதிலின் உள்ளடக்கத்தைத் தாண்டிய பழக்கங்கள் என்பதை லீ குரோன்பாக் 1946லேயே விரிவாக எழுதிவிட்டார். கடைசி வகை, படிக்காமலே டிக் அடித்துத் தள்ளுவது.

படி 3: அளவுகோலின் எலும்புக்கூட்டைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அளவுகோலின் பெயரையும் அதன் நம்பகத்தன்மை எண்ணையும் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து, எத்தனை கேள்விகள் கோபத்தின் பக்கம் பார்க்கின்றன, எத்தனை அமைதியின் பக்கம் பார்க்கின்றன என்று எண்ணுங்கள்.

அதிகம் புழங்கும் இரண்டை எடுத்துக்கொள்வோம். சார்லஸ் ஸ்பீல்பெர்கரின் அளவுகோல் 1988இல் வந்தது, 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் 57 கேள்விகள். இந்த நிமிடத்துக் கோபம், சுபாவக் கோபம், கோபத்தை வெளியே காட்டுவது, உள்ளே அடக்குவது, கட்டுப்படுத்துவது என்று தனித்தனியாக அளக்கும். சுபாவக் கோபத்துக்கு 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. பத்தும் ஒரே திசையில் பார்க்கின்றன. எதையும் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 3 போடுகிற ஆமாம்காரர் 40க்கு 30 வாங்கிவிடுவார். அவருக்குக் கோபமே இல்லாமல்கூட இருக்கலாம்.

அர்னால்ட் பஸ், மார்க் பெர்ரி இருவரும் 1992இல் வெளியிட்ட அளவுகோலில் 29 கேள்விகள். கையால் தாக்குவது 9, வாயால் தாக்குவது 5, கோபம் 7, பகைமை 8. திருப்பிப் போட்ட கேள்விகள், அதாவது அமைதியின் பக்கம் பார்ப்பதால் எண்ணைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டியவை, மொத்தமே இரண்டுதான், கோபத்தில் ஒன்று, கையால் தாக்குவதில் ஒன்று. 1 முதல் 5 வரையான கட்டங்களில் எல்லாவற்றுக்கும் 4 போடுகிறவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபத்தில் ஆறு கேள்விகளுக்கு 24. திருப்பிய கேள்விக்கு 6லிருந்து 4 போக 2. ஆக மொத்தம் 26. கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 35. ஒரே ஒரு திருப்பிய கேள்வியால் 28 என்று வரவேண்டியது 26 ஆனது, அவ்வளவுதான். அது ஒன்றும் பெரிய காவல் இல்லை.

அப்படியானால் பாதிக் கேள்விகளைத் திருப்பிப் போட்டுவிடலாமா? பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லும். நான் தயங்குவேன். கோபம் இல்லாமல் இருப்பதும் அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல. "நான் பொறுமைசாலி" என்பதற்கு 'இல்லை' என்று சொல்கிறவர் கோபக்காரர் ஆகிவிட மாட்டார், அவசரக்காரராக இருக்கலாம். உரிமம் உள்ள அளவுகோலில் கேள்வியை நாமாக மாற்றவும் கூடாது, அனுமதி வேண்டும். ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது. அதே ஆட்களுக்கு, கோபத்துக்குச் சம்பந்தமில்லாத, எதிரெதிர் ஜோடிகளாக அமைந்த சில கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தால், யார் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார் என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

படி 4: தமிழ் வாக்கியத்தைச் சரிபாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மொழிபெயர்த்த கேள்வித்தாள்களில் சாய்வு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது.

முதலில் சொல். எரிச்சல், கோபம், ஆத்திரம், வெறுப்பு நான்கும் ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் இல்லை. எரிச்சல் என்பதை யாரும் கூசாமல் ஒப்புக்கொள்வார்கள். ஆத்திரம் என்றதும் அறிவு மழுங்கிய நிலை என்ற பொருள் கூடவே வருகிறது. மூலத்தில் மிதமான கோபத்தைச் சுட்டும் சொல்லுக்குத் தமிழில் 'ஆத்திரம்' என்று போட்டால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோருடைய மதிப்பெண்ணும் சரிந்துவிடும். அப்புறம் நீங்கள் ஆட்கள் அமைதியானவர்கள் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது வினை. 'எனக்குக் கோபம் வந்தது' என்றால் கோபம் எங்கிருந்தோ வந்தது, நான் அதற்கு இடம் மட்டும் கொடுத்தேன். 'நான் கோபப்பட்டேன்' என்றால் செய்தது நான். 'கோபத்தைக் காட்டினேன்' என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. மூன்றும் இலக்கணப்படி சரி, ஆனால் ஒப்புக்கொள்ளும் சங்கடம் மூன்றிலும் ஒரே அளவு இல்லை. ஒரே அளவுகோலுக்குள் சில கேள்விகள் 'வந்தது' என்றும் சில 'பட்டேன்' என்றும் கலந்து கிடந்தால், நீங்கள் அளப்பதில் பாதி இலக்கணம். உணர்வைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே வினை, நடத்தையைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் வேறு ஒரே வினை என்று பிரித்து வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எதிர்மறை. "நான் எளிதில் கோபப்படுவதில்லை" என்ற வரிக்கு 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கோபப்படாத ஒருவர் மனதுக்குள் என்ன சொல்வார்? "ஆமாம், படுவதில்லை" என்றும் சொல்லலாம், "இல்லை, படமாட்டேன்" என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டும் ஒரே பொருள். தாளில் இரண்டும் நேர் எதிர். பென்சில் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 'இல்லை', 'மாட்டேன்', 'ஆது' என்று முடியும் வரிகளைக் கூடியமட்டும் தவிருங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் 'ஆம், இல்லை' கட்டங்களுக்குப் பதிலாக 'எனக்குப் பொருந்தும், பொருந்தாது' என்று கொடுங்கள்.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மறுபடி மூலமொழிக்கு மாற்றச் சொல்லும் முறை உண்டு. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலானது. நல்ல முறைதான், செய்யுங்கள். ஆனால் 'வந்தது', 'பட்டேன்' வித்தியாசம் அந்தச் சல்லடையில் நழுவிவிடும். திரும்பப் போகும் மொழியில் இரண்டும் ஒரே வாக்கியமாக முடியலாம்.

படி 5: கால அளவும் பதில் கட்டங்களும்

"கடந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை கோபப்பட்டீர்கள்?" என்பதும் "கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை கோபப்பட்டீர்கள்?" என்பதும் ஒரே கேள்வி, கால அளவு மட்டும் வேறு என்று தோன்றும். 1998இல் பியோட்ர் விங்கில்மன், பெர்பெல் க்னாய்பர், நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் மூவரும் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் என்றதும் ஆட்கள் அடிக்கடி வந்துபோகும் சின்னக் கோபங்களை நினைத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் என்றதும் எப்போதாவது வரும் பெரிய கோபங்களை நினைத்துக்கொண்டார்கள். கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதைக் கால அளவை வைத்தே ஊகித்துவிடுகிறார்கள். வருடக் கணக்கில் சின்ன எரிச்சலை எண்ணச் சொல்ல மாட்டார்களே என்று நினைக்கிறார்கள், நியாயம்தானே?

பதில் கட்டங்களும் அப்படியே. ஷ்வார்ட்ஸும் சகாக்களும் 1988இல் எரிச்சலைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரு குழுவுக்கு 'தினமும் பல முறை' வரை போகும் கட்டங்களையும் இன்னொரு குழுவுக்கு 'வருடத்துக்குச் சில முறை' என்ற வகைக் கட்டங்களையும் கொடுத்தார்கள். அரிய கட்டங்களைப் பார்த்தவர்கள் கடுமையான சம்பவங்களையே எரிச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டங்கள் வெறும் பாத்திரம் இல்லை, கேள்வியின் பொருளையே மாற்றுகின்றன.

ஆகவே இரண்டு ஆய்வுகளின் சராசரிகளை ஒப்பிடும் முன் கால அளவும் கட்டங்களும் ஒன்றா என்று பாருங்கள். 'அடிக்கடி' என்ற சொல்லுக்குப் பதில் 'வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை' என்று எண்ணாகப் போட முடிந்தால் போடுங்கள். ஒருவருடைய 'அடிக்கடி' இன்னொருவருடைய 'எப்போதாவது'.

படி 6: ஐந்தாறு பேரிடம் வாய்விட்டு யோசிக்கச் சொல்லுங்கள்

தாளை அச்சிடுவதற்கு முன் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து, மனதில் ஓடுவதையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

இப்படி ஒரு முறை உட்கார்ந்தபோது ஓர் அம்மா "கோபம் வந்தால் பொருட்களைத் தூக்கி எறிவேன்" என்ற வரியைப் படித்துவிட்டு, "எறிஞ்சதில்லை… கதவைப் பட்டுனு சாத்துவேன். அது எறியறதாகுமா? ஆகாதுல்ல?" என்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஆகாது" என்று அவரே சொல்லிவிட்டு 'ஒருபோதும் இல்லை' என்பதில் டிக் போட்டார். பொய் சொல்லவில்லை, கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி பிடிக்க நினைத்த விஷயம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டது. அது நானே எழுதிய வரி என்பதால், மறுநாள் "பொருட்களை எறிவது, கதவை அறைந்து சாத்துவது போன்றவை" என்று விரித்துவிட்டேன்.

படி 7: தாளை எப்படிக் கொடுப்பது

சங்கடமான விஷயங்களை நேரில் ஒருவர் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்வதைவிட, ஆளே தனியாக நிரப்பும்போது மனிதர்கள் அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள். இது கணக்கெடுப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். முடிந்தால் தனி இடம், மூடிய உறை, பெயருக்குப் பதில் எண். தாளை வாங்கிக்கொள்கிறவர் அவருடைய ஆசிரியராகவோ மேலதிகாரியாகவோ இருக்கக் கூடாது. 'பெயர் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வயது, பிரிவு, பிறந்த தேதி எல்லாம் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்னுரையில் "நேர்மையாகப் பதில் சொல்லவும்" என்று எழுதுவதைவிட, கோபம் எல்லோருக்கும் வரும் உணர்வு, வந்தபோது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறோம் என்று எழுதுவது மேல். ஆனால் ரொம்பவும் தட்டிக்கொடுத்து எழுதினால் கூட்டிச் சொல்லத் தூண்டிவிடும். இரண்டு வரி போதும்.

இந்த நிமிடத்துக் கோபத்தைக் கேட்கும் பகுதி பற்றி ஒன்று. அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதில் குறைந்தபட்ச மதிப்பெண்தான் வாங்குவார்கள். அது மறைத்தல் இல்லை, அந்த நேரத்தில் அவர்களுக்குக் கோபம் இல்லை. அதைச் சாய்வு என்று சந்தேகப்பட வேண்டாம்.

படி 8: நல்லபேர் அளவுகோல், கவனமாக

"கூடவே ஒரு பொய் அளவுகோல், அதாவது பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் கேள்விகள் கொடுத்து, அதன் மதிப்பெண்ணைக் கழித்துவிடலாம்" என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: கழிக்காதீர்கள்.

காரணத்தைப் பாருங்கள். 1943இல் வந்த மினசோட்டா ஆளுமைச் சோதனையில் 15 கேள்விகள் கொண்ட ஒரு பொய் அளவுகோல் உண்டு. எல்லோரிடமும் இருக்கும் சின்னக் குறைகளைக்கூட ஒருவர் மறுத்தால் மதிப்பெண் ஏறும். அந்தக் குறைகளில் ஒன்று, சில சமயம் கோபம் வருவது. டக்ளஸ் கிரௌனும் டேவிட் மார்லோவும் 1960இல் தந்த 33 கேள்விகள் கொண்ட அளவுகோலிலும் எரிச்சல், மனக்கசப்பு, பிறர் மனம் நோகப் பேசுவது பற்றிய வரிகள் இருக்கின்றன. அதாவது கோபம் இல்லை என்று சொல்வதையே நல்லபேர் ஆசைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது அந்த அளவுகோல். இதைக் கோப மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், ஒன்று ஏற மற்றது இறங்கும் எதிர்த் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்? ஒரே விஷயத்தை இரண்டு தாளில் கேட்டிருக்கிறோம்.

உண்மையிலேயே நிதானமானவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். கோபத்தில் குறைவு, நல்லபேரில் அதிகம், இரண்டும் உண்மை. கழித்தல் சூத்திரம் அவரைப் பொய்யர் கூட்டத்தில் தள்ளிவிடும். ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் 1983இல், ஆளுமைச் சோதனையில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதை அவருடைய கணவரோ மனைவியோ சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்லபேர் மதிப்பெண்ணை வைத்துத் திருத்தியபோது பொருத்தம் கூடவில்லை, பெரும்பாலும் குறைந்தது.

அப்படியானால் எதற்கு இந்த அளவுகோல்? மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, அதிலிருந்து கோபம் சம்பந்தப்பட்ட வரிகளை நீக்கிவிட்டு மறுபடி தொடர்பைக் கணக்கிடுங்கள். உதாரணமாக –0.40 என்று இருந்தது –0.15 ஆக இறங்கினால், முன்பு பார்த்ததில் பெரும்பகுதி ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதன் விளைவு. இரண்டு, பால்ஹஸின் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்தி, பிறருக்காகச் சொல்வதையும் தன்னையே நம்பவைத்துக்கொள்வதையும் தனித்தனியாகப் பாருங்கள். அதிலும் கோபத்தைத் தொடும் வரி இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். மூன்று, குழுவைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெயருடனும் மறு பாதிக்குப் பெயரில்லாமலும் கொடுங்கள். இரண்டு சராசரிக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் சூழலில், பிறருக்காகத் தெரிந்தே சொல்லும் நல்லபேர் சாய்வின் அளவு. எந்தப் பொய் அளவுகோலையும்விட நான் இந்த மூன்றாவது வழியைத்தான் நம்புவேன். ஆட்களைச் சந்தேகப்படாமல் சூழலை அளக்கிறது.

படி 9: தரவு வந்த பிறகு

படிக்காமல் அடித்தவர்களைத் தேடுங்கள். 57 கேள்விகளை ஒரு நிமிடத்தில் முடித்தவர் படித்திருக்க முடியாது. ஒரு கேள்விக்கு 2 விநாடிக்கும் குறைவு என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக வைக்கும் எல்லை. தொடர்ந்து இருபது, முப்பது கேள்விகளுக்கு ஒரே எண், திருப்பிய கேள்வியிலும் அதே எண் என்றால் சந்தேகப்படலாம். நடுவே "இந்த வரிக்கு 2ஐத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரியைச் செருகுவதும் உண்டு. யாரை நீக்குவது என்ற விதியைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள், பிறகு முடிவுக்கு ஏற்றபடி வளைக்க மனம் வராது. எல்லாவற்றுக்கும் 1 போட்டவரை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். அவர் சோம்பேறியாகவும் இருக்கலாம், பயந்தவராகவும் இருக்கலாம். பயந்தவர்தான் உங்களுக்கு முக்கியம்.

படி 10: இன்னொரு ஜன்னல் திறங்கள்

தன்னையே நம்பவைத்துக்கொண்டவருக்குப் பெயரில்லாத உறை கொடுத்துப் பயனில்லை என்று முன்பே பார்த்தோம். அங்கே வேறு கண் வேண்டும். கூட இருப்பவர் ஒருவரிடம் அதே கேள்விகளை 'இவருக்கு' என்று மாற்றிக் கேட்கலாம், ஆளின் சம்மதத்தோடு. வீட்டில் பயந்து வாழ்பவர் யாரும் இருந்தால் அவரிடம் தாளைக் கொடுத்து அவரை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள், இதில் சமரசமே கூடாது.

நாட்குறிப்பு இன்னொரு வழி. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று வந்த கோபம், யார் மேல், எவ்வளவு நேரம், என்ன செய்தீர்கள் என்று நாலு வரி. ஜேம்ஸ் அவெரில் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளில், சாதாரண மனிதர்கள் வாரத்துக்குப் பல முறை மிதமான கோபம் கொள்வதும், அது பெரும்பாலும் தெரிந்தவர்கள், நேசிப்பவர்கள் மேலேயே வருவதும் தெரியவந்தது. "நான் கோபக்காரனா?" என்று பொதுவாகக் கேட்டால் மறுப்பவர், "இன்று மாலை என்ன நடந்தது?" என்றால் சொல்லிவிடுவார்.

அடித்தது, உடைத்தது போன்ற கடினமான ஒற்றைக் கேள்விக்கு ஸ்டான்லி வார்னர் 1965இல் தொடங்கிவைத்த குலுக்கல் முறை இருக்கிறது. அதன் எளிய வடிவம் இது: ஆள் மறைவாக நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்' போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 200 பேரில் 130 பேர் 'ஆம்' என்றால், சுமார் 100 பேர் தலைக்காகச் சொன்னவர்கள். பூ விழுந்த மீதி 100 பேரில் 30 பேர் உண்மையாகவே 'ஆம்'. ஆக 30 சதவீதம். எந்தத் தனி ஆளையும் இது காட்டிக்கொடுக்காது. அதே காரணத்தால் தனி ஆளின் சிகிச்சைக்கும் உதவாது, குழுவுக்கு மட்டும்தான்.

படி 11: எழுதும்போது, பேசும்போது

ஆய்வேட்டில் கால அளவு, பதில் கட்டங்கள், திருப்பிய கேள்விகளின் எண்ணிக்கை, தாள் யார் கையில் யார் முன்னால் கொடுக்கப்பட்டது, எத்தனை பேரை எந்த விதிப்படி நீக்கினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். 'கோபம் குறைவு' என்பதைவிட 'குறைவாகத் தெரிவித்தார்கள்' என்பது சரியான வினை.

தனி ஆளோடு உட்காரும்போது நிலைமை வேறு. அங்கே கணக்கு எதுவும் வேண்டாம், தாளை எடுத்து மேசையில் வையுங்கள். எழுதித் தந்தவரே எதிரே இருக்கிறார். மாட்டிக்கொண்டார் என்ற தொனி குரலில் வராமல், அழித்த தடம் உள்ள வரியை விரலால் காட்டி, "இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறீர்கள் போல?" என்று கேளுங்கள். அப்புறம் அவர் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.